எதிர்காலத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது: தோட்டப்புறப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து மாலை டியூஷனுக்கு வரும் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளும், மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோரும், தோட்ட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளம் கிராணிகளும் (எழுத்தர்களும்) திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: நாளைக்கு, அடுத்த மாதம், எஸ்பிஎம் (படிவம் 5 முடிவில் எழுதுகிற அரசுத் தேர்வு) முடிந்த பிறகு என்று இனிமேல் நடக்கப்போவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். 'போவேன்', 'போகப் போறேன்', 'போறேன்' மூன்றையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இடம் பார்த்து மாற்றிப் பேசுகிற அதே பிள்ளை, ஆங்கிலம் என்றதும் எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டுவிடுகிறது. எங்கே தமிழை நம்பிப் போகலாம், எங்கே தமிழ் வழிதவற வைக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும், வேலை பாதி முடிந்தது.

எதிர்காலம் என்றால் 'வில்' தானே? பள்ளியில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்?

ஆரம்பப் பள்ளியில் அப்படித் தொடங்குவதில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக்கொள்வது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டும்தான்: 'வாக்', 'வாக்ட்'. தமிழில் 'நடப்பேன்' என்று வினைக்குள்ளேயே எதிர்காலம் வந்து உட்கார்ந்துகொள்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு விகுதி கிடையாது. அதனால்தான் ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று தனியாக ஒரு காலமே இல்லை என்று இன்றைய இலக்கண அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இல்லாததை ஈடுகட்ட அந்த மொழி நாலைந்து வழிகளை வைத்திருக்கிறது: 'வில்', 'கோயிங் டு', நிகழ்கால வடிவங்கள் இரண்டு, அப்புறம் 'மைட்', 'ஷால்' மாதிரிச் சில சொற்கள். எதை எடுக்கிறீர்கள் என்பதை வைத்து, பேசுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளியில் நாள் முழுக்க மலாய். மலாயில் வினைச்சொல் காலத்துக்காக மாறாது, தேவைப்பட்டால் முன்னால் 'அக்கான்' போடுவார்கள், அவ்வளவுதான். அந்த 'அக்கான்' இருக்கிற இடத்தில் 'வில்'லைத் தூக்கி வைத்துவிட்டால் ஆங்கிலம் ஆகிவிடும் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். மலாய்க்காரர்களே 'ஏசோக் சாயா பெர்கி ஈப்போ' (நாளைக்கு நான் ஈப்போ போறேன்) என்று 'அக்கான்' இல்லாமல்தான் சாதாரணமாகப் பேசுவார்கள் என்பதைக் கவனித்தால் அந்தக் கணக்கு அங்கேயே உதைக்கும்.

'வில்'லுக்கும் 'கோயிங் டு'வுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் மழையை எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, காற்று மாறிவிட்டது, பால் வடிகிற கிண்ணமான மங்கு பாதிதான் நிரம்பியிருக்கிறது, மழை விழுந்தால் பாலில் தண்ணீர் கலந்து அன்றைய உழைப்பு வீண். அப்போது அம்மா என்ன சொல்வார்? 'மழை பெய்யப் போகுது, சீக்கிரம் பாலை எடு.' 'மழை பெய்யும்' என்று சொல்ல மாட்டார். கண்ணுக்கு முன்னால் அறிகுறி இருக்கிறது, அதனால் 'பெய்யப் போகுது'. ஆங்கிலத்திலும் அதே: 'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்.'

இப்போது வேறு இடம். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, வானத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தீபாவளி வருகிற அக்டோபர், நவம்பரில் நம் மேற்குக் கரையில் மழை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'இந்தத் தீபாவளிக்கும் மழை பெய்யும்னு நினைக்கிறேன்.' இது கணிப்பு, மனதிலிருந்து வருவது. 'ஐ திங்க் இட் வில் ரெய்ன் ஆன் தீபாவளி.'

ஆட்கள் விஷயத்திலும் இப்படித்தான். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், மனதில் திட்டம் இருக்கிறது என்றால் 'கோயிங் டு'. 'எஸ்பிஎம் முடிச்சதும் நர்சிங் படிக்கப் போறேன்', அதாவது 'ஐம் கோயிங் டு ஸ்டடி நர்சிங்.' தமிழில் 'போ' என்கிற வினையை வைத்து இதைச் சொல்கிறோம், ஆங்கிலமும் 'கோ'வை வைத்தே சொல்கிறது. இவ்வளவு நேராகப் பொருந்துகிற இடத்தைப் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பேசுகிற அந்த நொடியில் எடுத்த முடிவு என்றால் 'வில்'. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், எழுந்துகொண்டே சொல்கிறீர்கள்: 'ஐல் கெட் இட்.' இந்தக் கடைசி இடத்தில் மட்டும் தமிழ் காலை வாரும், கீழே வேறொரு கேள்வியில் அதற்கு வருகிறேன்.

'நாளைக்கு ஈப்போ போறேன்' என்பதை அப்படியே நிகழ்காலத்தில் சொல்லலாமா?

தாராளமாக. 'ஐம் கோயிங் டு ஈப்போ டுமாரோ.' இதில் 'வில்' தேவையே இல்லை. போக்குவரத்து, ஆள், நேரம் எல்லாம் பேசி ஏற்பாடாகிவிட்ட காரியத்துக்கு ஆங்கிலத்தில் இதுதான் இயல்பு. பல்லுக்குக் காட்ட வேண்டும் என்று எண்ணம் மட்டும் இருந்தால் 'ஐம் கோயிங் டு சீ எ டென்டிஸ்ட்'. கிளினிக்கில் பேசி, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்றால் 'ஐம் சீயிங் த டென்டிஸ்ட் ஆன் சாட்டர்டே அட் டென்'. இரண்டாவதைக் கேட்டவுடனே, ஓ, இது உறுதியான விஷயம் என்று எதிராளிக்குப் புரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. நாளைக்கு, சனிக்கிழமை என்று நேரம் காட்டுகிற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இப்போதே நடக்கிற மாதிரி கேட்கும். யாராலும் ஏற்பாடு செய்ய முடியாத காரியத்துக்கு இது ஆகாது: 'இட்ஸ் ரெய்னிங் டுமாரோ' என்று எழுதாதீர்கள்.

'ஐம் கோயிங் டு ஈப்போ' என்பதில் இருக்கிற 'டு'வையும் 'ஐம் கோயிங் டு ஸ்டடி' என்பதில் இருக்கிற 'டு'வையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவதில் 'டு'வுக்குப் பின்னால் ஊர், அங்கே உண்மையாகவே கிளம்பிப் போகிறீர்கள். இரண்டாவதில் வினை, அங்கே யாரும் எங்கேயும் போகவில்லை, திட்டம் மட்டும்தான். 'ஐம் கோயிங் டு கோ டு ஈப்போ' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் சரிதான்.

ரயில், பரீட்சை, பெரட்டு மாதிரி நேரம் குறித்து வைத்த விஷயங்களுக்கு?

சாதாரண நிகழ்காலம் போதும். 'த ட்ரெய்ன் லீவ்ஸ் அட் நைன்.' 'த எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே.' காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு முன்னால் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பது, ஆறு மணிக்கு என்றால் 'மஸ்டர் ஸ்டார்ட்ஸ் அட் சிக்ஸ்'. அட்டவணை போட்டவர் வேறு யாரோ, நீங்கள் அதைப் படித்துச் சொல்கிறீர்கள்.

'வென் ஐ வில் ரீச்' என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் கோடு போடுகிறார். ஏன்?

பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் இழக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'ஈப்போ போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்.' இந்த வாக்கியத்தில் 'சேர்ந்ததும்' என்பதைப் பாருங்கள். இன்னும் சேரவில்லை, நாளைக்குத்தான் சேரப்போகிறீர்கள். ஆனாலும் 'சேர்ந்ததும்' என்கிறோம், 'சேர்வதும்' என்று யாரும் சொல்வதில்லை. 'வந்தால்', 'வந்தவுடனே', 'வந்த பிறகு' எல்லாம் அப்படித்தான், ஒன்றிலாவது எதிர்கால விகுதி இருக்கிறதா? 'வருவால்' என்று ஒரு சொல்லைக் கேட்டதுண்டா? இந்த மாதிரி வாக்கியங்களில் முடிவில் இருக்கிற வினைதான் காலத்தைச் சுமக்கும், நடுவில் வருகிற இப்படிப்பட்ட எச்சங்களுக்கு அந்தச் சுமை கிடையாது. ஆங்கிலத்திலும் 'வென்', 'இஃப்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' இவற்றுக்குப் பின்னால் 'வில்' வராது, சாதாரண நிகழ்காலம் வரும். 'வென் ஐ ரீச் ஈப்போ, ஐல் கால் யூ.' 'இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வோன்ட் டேப்.' 'வெய்ட் அன்டில் யுவர் ஃபாதர் கம்ஸ்.'

சரி, அப்படியானால் 'வென்'னுக்குப் பின்னால் 'வில்' வரவே வராதா என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் உடனே கேட்பார்கள். வரும். 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்.' இது முழுக்கச் சரி. இங்கே பல பாடப்புத்தகங்கள் விதிவிலக்கு என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடும், பிள்ளை தலையைச் சொறியும். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'அவன் எப்போ வருவான்னு தெரியல.' வருவான்! எதிர்காலம் வந்துவிட்டது பார்த்தீர்களா? 'அவன் வந்தால் சொல்றேன்' என்பதில் 'இஃப் ஹி கம்ஸ்'. 'அவன் வருவானான்னு தெரியல' என்பதில் 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்'. அதாவது தமிழ் வாக்கியத்தில் 'வந்தால், வந்ததும், வரும்போது' என்று எச்சமாக நின்றால் 'வில்' வேண்டாம். 'எப்போ வருவான், வருவானா' என்று கேள்வியாக நின்றால் 'வில்' போடலாம். பரீட்சை மண்டபத்தில் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இந்த ஒரு விஷயத்தில் தமிழ் உங்களைக் கைவிடவே விடாது.

'மை ஃபாதர் வில் வேக் அப் அட் ஃபோர் தர்ட்டி எவ்ரிடே' என்பதில் என்ன தப்பு?

இங்கே தமிழ்தான் வழிதவற வைக்கிறது. 'எங்கப்பா நாலரைக்கே எழுந்திருவாரு, பசியாறிட்டு அஞ்சரைக்கு மோட்டார எடுத்துக்கிட்டு கிளம்பிருவாரு.' தினமும் நடக்கிற பழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில்தான் சொல்வோம். அது தமிழில் அழகாகவும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: 'மை ஃபாதர் வேக்ஸ் அப் அட் ஃபோர் தர்ட்டி, ஹேஸ் பிரேக்ஃபாஸ்ட் அண்ட் லீவ்ஸ் அட் ஃபைவ் தர்ட்டி.' ஒருவருடைய குணத்தைக் காட்டுவதற்கு 'வில்' போடுகிற வழக்கம் ஆங்கிலேயர்களிடமும் உண்டு, ஆனால் கட்டுரையில் அப்பாவின் ஒரு நாளை விவரிக்கும்போது வரிக்கு வரி 'வில்' வந்தால் படிக்கிறவருக்கு அப்பா நாளைக்குத்தான் எழுந்திருக்கப் போகிறார் என்று தோன்றும்.

இதே பிள்ளைகள் தாத்தா பாட்டி கதையைச் சொல்லும்போதும் மாட்டிக்கொள்வார்கள். 'அப்பல்லாம் ஆத்துல குளிப்போம், லயத்து வாசல்ல கூத்து பார்ப்போம்.' வடிவம் எதிர்காலம், பொருள் பழைய காலத்துப் பழக்கம். இதற்கு 'யூஸ்ட் டு': 'தே யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்.'

'நான் தூக்குறேன், கொடுங்க' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

'ஐம் கேரியிங்' என்று சொல்லியிருப்பீர்கள். தமிழில் உதவிக்கு முன்வரும்போதும், அந்த நொடியில் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளும்போதும், வாக்குக் கொடுக்கும்போதும் நாம் பெரும்பாலும் நிகழ்காலத்தில் பேசுகிறோம்: 'நான் தூக்குறேன்', 'நான் பாத்துக்குறேன்', 'நாளைக்குத் திருப்பித் தர்றேன்'. மேலே காலை வாரும் என்று சொன்ன இடம் இதுதான். ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் 'வில்': 'ஐல் கேரி இட்', 'ஐல் டேக் கேர் ஆஃப் இட்', 'ஐல் ரிட்டர்ன் இட் டுமாரோ'. கடையில் உட்கார்ந்து 'எனக்கு ஒரு தே தாரிக்' என்று சொல்வதும் இதே வகை, 'ஐல் ஹேவ் எ தே தாரிக்.'

இன்னும் ஒரு படி போய், 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார், செருப்புகூடப் போடவில்லை. அவசரத்தாலும் உறுதியாலும் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்வதை நன்னூல் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது, அதனால் தமிழில் இதற்கு இலக்கணமே துணை நிற்கிறது. ஆங்கிலத்தில் இதை 'ஐ கேம் ஆல்ரெடி' என்று போட்டால் எதிராளி உங்களைச் சுற்றுமுற்றும் தேடுவார். 'ஐம் கமிங்' என்றால் போதும்.

டியூஷனுக்கு வராத நாளில் 'ஐ வோன்ட் கம் டுமாரோ' என்று மெசேஜ் அனுப்பலாமா?

இலக்கணம் சரி, ஆனால் தொனி கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போய்விட வாய்ப்பு இருக்கிறது. தமிழில் 'நாளைக்கு வரல, டீச்சர்' என்பதற்கும் 'நாளைக்கு வர மாட்டேன்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! முதலாவது தகவல், இரண்டாவது பிடிவாதம். ஆங்கிலத்திலும் 'ஐம் நாட் கமிங் டுமாரோ' என்பது தகவல். 'ஐ வோன்ட் கம்' என்பதை 'வர முடியாது போ' என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 'ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்' என்று எழுதிக் காரணத்தையும் ஒரு வரியில் சொன்னால் மரியாதையாக இருக்கும்.

'வில்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் விரும்புவது என்று பொருள், அந்தப் பழைய வாசனை 'வோன்ட்'டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழையில் நனைந்த மோட்டார் உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை என்றால் 'த மோட்டர்பைக் வோன்ட் ஸ்டார்ட்' என்பார்கள். இது நாளைய செய்தி இல்லை, இப்போதைய தொல்லை. நாமும் என்ன சொல்கிறோம்? 'ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.'

ஆபீஸ் இமெயிலில் 'ஐ வுட் பி ஆன் லீவ்' என்று எழுதினால்தானே மரியாதை?

தோட்ட ஆபீசில் வேலை செய்கிற தங்கை ஒருவர் கேட்டது. நம் நாட்டில் இது ரொம்பப் பரவிவிட்டது, பெரிய பெரிய ஆபீஸ் கடிதங்களிலும் பார்க்கலாம். 'வுட்' மென்மையாக ஒலிப்பதால் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 'ஐ வுட் பி ஆன் லீவ்' என்று படித்தால் 'லீவில் இருந்திருப்பேன், ஆனால்...' என்று ஏதோ ஒரு நிபந்தனை தொங்குகிற மாதிரி இருக்கும். லீவு உறுதி என்றால் நேராக எழுதுங்கள்: 'ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் மண்டே டு வெட்னஸ்டே.' மரியாதைக்கு 'வுட்' போட வேண்டிய இடங்கள் வேறு. 'ஐ வுட் லைக் டு அப்ளை ஃபார் லீவ்', 'வுட் யூ பிளீஸ் செக் த ஃபிகர்ஸ்' என்று கேட்கும்போதும் வேண்டும்போதும் போடுங்கள், அங்கே அது அழகு.

'நெக்ஸ்ட் டைம் ஐ வான்ட் டு பி எ நர்ஸ்' என்று எல்லாரும் சொல்கிறார்களே?

மலேசியாவில் எல்லாருக்கும் புரியும், பேச்சில் நானும் திருத்துவதில்லை. பரீட்சையில் எழுதாதீர்கள். 'நெக்ஸ்ட் டைம்' என்றால் அடுத்த தடவை. அடுத்த தடவை நர்சாக வேண்டும் என்றால் இந்தத் தடவை என்னவாக இருந்தீர்கள் என்று வெளிநாட்டுக்காரர் யோசிப்பார். 'இன் த ஃபியூச்சர்' அல்லது 'வென் ஐ ஃபினிஷ் ஸ்கூல்' என்று எழுதுங்கள்.

'வில் கேன்' என்று சொல்லலாமா?

கூடாது. 'வில்'லும் 'கேன்'னும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிற சொற்கள், இரண்டும் பக்கத்தில் உட்காராது. 'முடியும்' என்பதை நாளைக்குத் தள்ள 'வில் பி ஏபிள் டு'. 'மஸ்ட்'டுக்கும் அதே, 'வில் ஹேவ் டு'.

'போனாலும் போவேன்' என்பதற்கு ஆங்கிலம் என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி. 'ஐ மைட் கோ.' பிள்ளைகள் 'மேபி ஐ வில் கோ' என்று சுற்றி வளைப்பார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் 'மைட்' ஒரே சொல்லில் வேலையை முடித்துவிடும். 'வந்தாலும் வருவாரு' என்றால் 'ஹி மைட் கம்'. 'மேபி' என்பதைச் சேர்த்து எழுதினால்தான் ஒருவேளை என்ற பொருள், பிரித்து 'மே பி' என்று எழுதினால் அது வினை. கிட்டத்தட்ட நிச்சயம் என்றால் 'ஐல் ப்ராபப்ளி கோ', இதில் 'ப்ராபப்ளி' 'வில்'லுக்கு அடுத்து வரும், 'வோன்ட்' என்றால் அதற்கு முன்னால் வரும்: 'ஐ ப்ராபப்ளி வோன்ட் கோ.'

'வில் பி டூயிங்', 'வில் ஹேவ் டன்' எல்லாம் எனக்குத் தேவையா?

பயமுறுத்துகிற பெயர்களோடு புத்தகத்தில் வருவதால் பலர் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது நீங்கள் தினமும் பேசுவதுதான். 'நாளைக்கு இந்நேரம் பரீட்சை எழுதிக்கிட்டு இருப்பேன்', அதாவது 'திஸ் டைம் டுமாரோ, ஐ வில் பி சிட்டிங் ஃபார் மை எக்ஸாம்.' 'நீ வர்றதுக்குள்ள சமைச்சு முடிச்சிருப்பேன்', அதாவது 'பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் குக்கிங்.' எழுதிக்கொண்டு + இருப்பேன், முடித்து + இருப்பேன் என்று தமிழ் எப்படி அடுக்குகிறதோ ஆங்கிலமும் அப்படியே அடுக்குகிறது. இரண்டாவது வாக்கியத்தில் 'யூ கம்' என்று மட்டும் இருப்பதையும் கவனியுங்கள், 'யூ வில் கம்' இல்லை.

முதல் வடிவத்துக்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. அண்ணனிடம் மோட்டார் கேட்க வேண்டும். 'வில் யூ யூஸ் த மோட்டர்பைக் டுநைட்?' என்பதைவிட 'வில் யூ பி யூசிங் த மோட்டர்பைக் டுநைட்?' என்று கேட்பது பணிவு. அவருடைய திட்டத்தை மட்டும் விசாரிக்கிறீர்கள், நெருக்கவில்லை.

எஸ்பிஎம் பேச்சுத் தேர்வில் எதிர்காலத் திட்டத்தைக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது?

2021 முதல் எஸ்பிஎம் ஆங்கிலப் பாடம் (பாட எண் 1119), மொழித்திறனை அளக்கிற ஐரோப்பிய அளவுகோலான சிஇஎஃப்ஆர் தரத்தை ஒட்டிப் புதிய அமைப்புக்கு மாறியது. பேச்சுத் தேர்வு தனித் தாள், இரண்டு பேராக உள்ளே போவீர்கள், முதல் பகுதியில் உங்களைப் பற்றிய கேள்விகள் வரும். பள்ளி முடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 'ஐ வில் ஸ்டடி. ஐ வில் வொர்க். ஐ வில் ஹெல்ப் மை பேரன்ட்ஸ்' என்று ஒரே தாளத்தில் போவார்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கேட்கிற ஆசிரியருக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு வடிவம்தான் தெரியும் என்று பட்டுவிடும்.

போன மாதம் ஒரு மாணவியோடு உட்கார்ந்து அவள் பதிலைத் தமிழில் முதலில் சொல்லச் சொன்னேன். 'நர்சிங் படிக்கப் போறேன் சார். அக்காவோட சனிக்கிழமை காலேஜ் பார்க்கப் போறோம். இடம் கிடைச்சா ஹாஸ்டல்ல தங்குவேன். கிடைக்கலன்னா ஃபார்ம் சிக்ஸ் போனாலும் போவேன். ஆனா அம்மாவ விட்டுட்டு இருக்கறது கஷ்டமா இருக்கும்.' எதையும் மாற்றாமல் வரிக்கு வரி ஆங்கிலத்தில் போட்டோம்: 'ஐம் கோயிங் டு ஸ்டடி நர்சிங். மை சிஸ்டர் அண்ட் ஐ ஆர் விசிட்டிங் எ காலேஜ் ஆன் சாட்டர்டே. இஃப் ஐ கெட் எ பிளேஸ், ஐல் ஸ்டே இன் த ஹாஸ்டல். இஃப் ஐ டோன்ட், ஐ மைட் கோ டு ஃபார்ம் சிக்ஸ். பட் இட் வில் பி ஹார்ட் டு லீவ் மை மதர்.' ஐந்து வாக்கியத்தில் 'கோயிங் டு', நிகழ்காலம், 'இஃப்', 'மைட்', 'வில்' எல்லாம் வந்துவிட்டன. அவள் தமிழிலேயே அவை இருந்தன.

எழுத்துத் தாளிலும் இது உதவும். முதல் கேள்வி சுமார் 80 சொற்களில் ஒரு சிறிய மின்னஞ்சல், அங்கே நண்பருக்கு ஏற்பாட்டைச் சொல்லும்போது 'வீ ஆர் மீட்டிங் அட் த ஸ்டேஷன் அட் எய்ட்' என்று எழுதினால் 'வீ வில் மீட்' என்பதைவிட உயிரோட்டமாக இருக்கும்.

தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லையா? எங்களுக்கும் ஆங்கிலம் தெரியாது, வீட்டில் எப்படி உதவுவது?

முதல் கேள்விக்கு இல்லை என்பதே என் பதில், மேலே சொன்ன ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சி. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு 'வந்தால்' எது, 'வருவானா' எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும், அந்த அறிவு ஆங்கிலத்துக்கு நேராகப் போகிறது. ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிற பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பிள்ளைக்கு இருக்கிற ஒரு பிடிமானத்தையும் பிடுங்கிவிடுகிறார்கள்.

உதவ ஆங்கிலம் தேவையில்லை. ராத்திரி சாப்பிடும்போது நாளைக்கு என்ன செய்யப் போற என்று தமிழில் கேளுங்கள், பிள்ளை முழு வாக்கியமாகத் தமிழில் சொல்லட்டும், அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். 'போவேன்'னு சொன்னியே, 'போறேன்'னு சொன்னா வேற மாதிரி ஆகாதா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மிச்சத்தைப் பிள்ளை தானே யோசிக்கும்.

'ஷால்' இப்போது யாராவது சொல்கிறார்களா?

இரண்டே இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'ஜன்னலை மூடட்டுமா?' என்பதற்கு 'ஷால் ஐ க்ளோஸ் த விண்டோ?', 'போகலாமா?' என்பதற்கு 'ஷால் வீ கோ?' வேலை ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் 'ஷால்' வந்தால் அது கட்டாயம், செய்தே ஆகவேண்டும் என்று படியுங்கள்.

'பை ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே', 'இன் டூ வீக்ஸ்' எல்லாம் குழப்புகிறதே?

வெள்ளிக்கிழமைக்குள் என்றால் 'பை'. வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றால் 'அன்டில்'. 'ஐல் ஃபினிஷ் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வாக்கியமே நிற்காது, முடிப்பது ஒரு நொடியில் நடக்கிற காரியம், அது வெள்ளி வரைக்கும் நீளாது. 'ஐல் ஸ்டே அன்டில் ஃப்ரைடே' சரி, தங்குவது நீளும். இன்னும் ரெண்டு வாரத்தில் என்பதற்கு 'இன் டூ வீக்ஸ்', இதற்கு 'ஆஃப்டர் டூ வீக்ஸ்' என்று எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

'பை' புரியவில்லை என்றால் சம்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் முதலாளி சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளம் என்றால் 'பை த செவன்த்'. ஐந்தாம் தேதி போட்டாலும் சரி, ஏழாம் தேதி போட்டாலும் சரி, எட்டாம் தேதி ஆனால் தாமதம். தோட்ட ஆபீசுக்கு எழுதும்போது 'வென் வில் வீ பி பெய்ட்?' என்று கேட்கலாம், அல்லது 'வில் த வேஜஸ் பி இன் பை த செவன்த்?' என்று தேதியைக் குறிப்பிட்டே கேட்கலாம். இரண்டாவது மாதிரி கேட்டால் ஆம், இல்லை என்று நேரான பதில் வரும்.